டெக்சஸில் தூண்டில் போட உரிமம் எடுப்பது பற்றி

ஒவ்வோர் ஆண்டும் குளிர் விலகி நீர் வெதுவெதுப்பாகும் நாட்களில், ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காக் குளத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதற்குக்கூட அரசு உரிமம் வேண்டுமா என்பதே அது. வேண்டும். டெக்சஸில் 17 வயது நிறைந்தவர்கள் மாநிலத்தின் பொது நீர்நிலைகளில் மீன் பிடிக்க வேண்டுமானால், அது ஏரியானாலும் ஆறானாலும் கடலானாலும், செல்லுபடியாகும் மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். பிடித்த மீனை உடனே தண்ணீரில் விட்டுவிடுவேன் என்பவருக்கும் இதே விதிதான். அந்த உரிமத்தோடு சேர்ந்து வரும் கட்டுப்பாடுகளும், அவற்றின் காரணங்களும், நாம் கட்டும் தொகை போய்ச் சேரும் இடங்களும் நம்மவர்களிடையே போதுமான அளவு பேசப்படுவதில்லை என்று எனக்குப் படுகிறது. ஆகவே இந்தப் பதிவைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வளர்ந்த சிவகங்கைப் பக்கத்தில் கண்மாய் மீனுக்கு மீன்பாசிக் குத்தகை என்ற முறை உண்டு. ஏலத்தில் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்து, வலை போட்டுப் பிடித்து விற்பார். நீர் வற்றும் காலத்தில் ஊரே இறங்கி மீன் அள்ளும் மீன்பிடித் திருவிழாவும் சில ஊர்களில் நடக்கும். கரையில் உட்கார்ந்து தூண்டிலில் கெளுத்தி பிடிக்கும் சிறுவனை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே நிலை வேறு. பொது நீரில் வாழும் மீன் மாநில மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சொத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ள விரும்பும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, எடுக்கும் அளவுக்கும் முறைக்கும் கட்டுப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

உரிமத்தை வழங்குவது டெக்சஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை. துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம்; தொலைபேசி மூலமும் வாங்கலாம். வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளில் விளையாட்டுப் பொருட்கள் பிரிவில் இருக்கும் ஊழியரிடம் அடையாள அட்டையைக் காட்டினாலும் சில நிமிடங்களில் அச்சிட்டுத் தந்துவிடுவார். இணையத்தில் வாங்கினால் சிறு சேவைக் கட்டணம் சேரும். முதல் முறை எடுப்பவர்களைக் கடையில் போய் வாங்கச் சொல்வேன். எந்த வகை வேண்டும் என்பதில் ஐயம் இருந்தால் எதிரே ஒருவர் இருப்பது உதவியாக இருக்கும்.

வகைகளைப் புரிந்துகொள்வது கடினமன்று. அடிப்படை உரிமத்தோடு நன்னீருக்கான ஒப்புதலையோ, கடல்நீருக்கான ஒப்புதலையோ, இரண்டையுமோ சேர்த்துத் தொகுப்பாக விற்கிறார்கள். 2024-25 உரிம ஆண்டின் கட்டணப்படி, மாநிலத்தில் குடியிருப்பவருக்கு நன்னீர்த் தொகுப்பு 30 டாலர், கடல்நீர்த் தொகுப்பு 35 டாலர், இரண்டும் சேர்ந்தது 40 டாலர். வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இதே வரிசையில் 58, 63, 68 டாலர். 65 வயது நிறைந்த குடியிருப்பாளர்களுக்குக் கட்டணம் மிகவும் குறைவு; இரண்டும் சேர்ந்த தொகுப்பே 22 டாலர்தான். ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வேண்டுமென்றால் குடியிருப்பவருக்கு 11 டாலரிலும் மற்றவருக்கு 16 டாலரிலும் ஒருநாள் உரிமம் கிடைக்கும். குடியிருப்பவர் என்று கருதப்படுவதற்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து டெக்சஸில் வசித்திருக்க வேண்டும். குடியுரிமையோ பச்சை அட்டையோ தேவையில்லை. எச்1பி விசாவில் வந்து ஓராண்டாக ஹூஸ்டன் புறநகரான கேட்டியில் குடியிருப்பவர் இந்த மாநிலத்தவரே. இதை அறியாமல் கூடுதல் தொகை கட்டிய இளைஞர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். டெக்சஸின் உரிம ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கி ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. ஜூலையில் நாற்பது டாலர் கொடுத்து வாங்கினாலும் ஆகஸ்ட் கடைசியில் அது காலாவதியாகிவிடும். இதைத் தவிர்ப்பதற்கென்றே வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் உரிமம் ஒன்று 47 டாலருக்கு இருக்கிறது. கோடையில் முதன்முறையாக வாங்குபவருக்கு அதுவே பொருத்தம். டல்லாஸ் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு செய்தி: ஓக்லஹோமா எல்லையில் பரந்து கிடக்கும் டெக்சோமா ஏரிக்கென்று தனியாக 12 டாலர் உரிமம் உண்டு, அது ஏரியின் இரு மாநிலப் பகுதிகளுக்கும் செல்லும், டிசம்பர் 31 வரை நீடிக்கும்.

விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். மீன் பிடிப்பதற்கு இது எதற்கு என்று பலர் தயங்குகிறார்கள். பிள்ளைகளுக்குரிய பராமரிப்புத் தொகையைக் கட்டாமல் தப்பித்துத் திரியும் பெற்றோரைக் கண்டறிவதற்காக, 1990களின் பிற்பகுதியில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டங்கள், பொழுதுபோக்கு உரிமங்களுக்கும் இந்த எண்ணைப் பெற வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கட்டளையிட்டன. காரணம் அவ்வளவுதான்.

வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வருபவர்கள் பழைய மாநிலத்தின் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. கலிஃபோர்னியாவில் கடல்மீது நீளும் பொதுப் பாலங்களில் நின்று மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. நியூ ஜெர்சியில் கடல்மீனுக்குக் கட்டணமில்லாப் பதிவு மட்டும் போதும், நன்னீருக்குத்தான் உரிமம். அந்தப் பழக்கத்தில், ஹூஸ்டனுக்கு அருகே கடலோரத்திலுள்ள கால்வெஸ்டனின் பாலங்களுக்கு வருபவர்கள், பாலத்தில் ஏறுவதற்கு நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பாலத்தை நடத்துபவருக்குரியது. மாநில உரிமம் அதனின்றும் வேறானது.

இனி, பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. 1950ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் டிங்கெல்-ஜான்சன் சட்டத்தை இயற்றியது. மிச்சிகனைச் சேர்ந்த பிரதிநிதி ஜான் டிங்கெலும் கொலராடோவைச் சேர்ந்த செனட்டர் எட்வின் ஜான்சனும் கொண்டுவந்த இந்தச் சட்டத்தின்படி, தூண்டில் கழி, சுருள், முள் முதலிய கருவிகள்மீது உற்பத்தி நிலையிலேயே வரி விதிக்கப்படுகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு அது 10 சதவீதம். 1984இல் வந்த திருத்தம் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் இதில் சேர்த்தது. இப்படிச் சேரும் நிதி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்போது, 60 சதவீதம் உரிமம் பெற்ற மீன்பிடிப்பவர்களின் எண்ணிக்கையைக் கொண்டும், 40 சதவீதம் மாநிலத்தின் நில, நீர்ப் பரப்பைக் கொண்டும் கணக்கிடப்படுகிறது. ஒரு மாநிலத்துக்கு அதிகபட்சம் 5 சதவீதம் என்பது உச்சவரம்பு. டெக்சஸ் அந்த உச்சவரம்பைத் தொடும் மாநிலங்களுள் ஒன்று.

இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு நிபந்தனைகள். முதலாவது, உரிமக் கட்டணமாக வரும் பணத்தை மீன், வனவிலங்குப் பராமரிப்பைத் தவிர வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டாட்சி நிதி கிடைக்காது. இரண்டாவது, ஒரு திட்டத்தின் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை கூட்டாட்சி நிதியிலிருந்து வரும் என்றாலும், மீதிப் பங்கை மாநிலம் தன் கையிலிருந்து போட வேண்டும். அந்தக் கைப்பணத்துக்கு உரிமக் கட்டணமே முதன்மையான ஊற்று. டெக்சஸில் அது தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. சாலை போடவோ வேறு பற்றாக்குறையை நிரப்பவோ எடுக்கப்படுவதில்லை. பொதுப் பணம் தன் நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்று ஏங்கும் நம் போன்றவர்களுக்கு, ஒரு சட்டம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்து காட்டிக்கொண்டிருப்பது பெரிய செய்தி என்றே நினைக்கிறேன்.

நன்னீருக்கான ஒப்புதலுக்காக நாம் கட்டும் 5 டாலர் 2004இல் தொடங்கியது. பழையதாகிப்போன மீன்குஞ்சுப் பண்ணைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கிழக்கு டெக்சஸில் உள்ள ஜான் டி. பார்க்கர் பண்ணை அந்தப் பணத்தில் எழுந்தது. பண்ணைகள் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டெக்சஸின் ஏரிகளில் ஏறத்தாழ எல்லாமே ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டி உண்டாக்கப்பட்ட நீர்த்தேக்கங்கள். லூசியானா எல்லையிலுள்ள காடோ ஏரியைத்தான் பழைய இயற்கை ஏரியாகச் சொல்வார்கள். ஓடும் நீருக்குப் பழகிய மீன்கள் பலவும் தேங்கிய நீரில் நன்கு பெருகுவதில்லை. ஆகவே ஏற்ற இனங்களை வளர்த்துவிட வேண்டியிருந்தது. 1970களில் ஃபுளோரிடா பாஸ் மீன் இங்கே கொண்டுவரப்பட்டது அப்படித்தான். 1986ஆம் ஆண்டு ஃபோர்க் ஏரியில் பதினேழரை பவுண்டுக்கும் மேல் எடையுள்ள பாஸ் ஒன்று பிடிபட்டு உயிரோடு துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலிருந்து, 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸைப் பிடிப்பவர் அதை இனப்பெருக்கத்துக்காகத் துறைக்குக் கடனாகத் தரும் திட்டம் நடந்துவருகிறது. ஏதென்ஸ் நகரிலுள்ள நன்னீர் மீன்வள மையத்தில் அவற்றின் குஞ்சுகள் வளர்க்கப்பட்டு மீண்டும் ஏரிகளில் விடப்படுகின்றன.

நகரத்துக் குளங்களிலும் இந்தப் பணத்தைக் காணலாம். கேட்டியில் உள்ள மேரி ஜோ பெக்கம் பூங்காவைப் போன்ற இடங்களில், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கெளுத்தி வகையையும், குளிர்காலத்தில் ரெயின்போ டிரௌட்டையும் துறை லாரியில் கொண்டுவந்து விடுகிறது. டிரௌட் டெக்சஸின் கோடையைத் தாங்காது என்பதால், விட்ட மீனைக் குளிர்காலத்துக்குள்ளேயே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குழந்தைக்கு முதல் மீன் பிடித்துக் காட்ட விரும்பும் பெற்றோருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்கு உதவுகிறேன் என்று அப்பாவும் தனியாக ஒரு தூண்டிலைப் போட்டால், அப்பாவுக்கு உரிமம் வேண்டும்.

கடற்கரைப் பக்கம் வந்தால் ரெட்ஃபிஷ் என்று எல்லோரும் அழைக்கும் ரெட் டிரம்மைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நம் ஊர்க் கத்தாளை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. செம்புநிற உடலும் வால் அடியில் கரும்பொட்டும் கொண்டது. 1970களின் இறுதியில், வளைகுடாக்களில் விரித்த செவுள்வலைகளால் இது வெகுவாகக் குறைந்துபோயிற்று. 1977இல் ஹூஸ்டனில் மீன்பிடி ஆர்வலர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள். 1981இல் டெக்சஸ் சட்டமன்றம், மாநிலக் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷையும் புள்ளி சீட்ரௌட் என்ற இன்னொரு கடல்மீனையும் விற்பதற்குத் தடை விதித்தது. பிடித்து விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பேரிடியாகவே இருந்திருக்கும்; அவர்கள் பக்கத்து வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தத் தடையும், அதைத் தொடர்ந்து குஞ்சுப் பண்ணைகளிலிருந்து விடப்பட்ட மீன்களும், அளவு வரம்புகளும் சேர்ந்துதான் இந்த மீனை மீட்டன. இன்று கால்வெஸ்டன் வளைகுடாவின் கரையில் நின்று ஒருவர் ரெட்ஃபிஷ் பிடிக்க முடிகிறதென்றால், அதற்கு இந்த வரலாறே காரணம்.

அந்த மீனுக்குரிய விதியையும் காரணத்தோடு புரிந்துகொண்டால் மறக்காது. ஒரு நாளில் ஒருவர் மூன்று மட்டுமே வைத்துக்கொள்ளலாம். நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாமலும் 28 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். சிறியதை விடச் சொல்வது எல்லோருக்கும் புரியும். பெரியதை ஏன் விட வேண்டும் என்பதே பலருடைய கேள்வி. பெரிய மீனை விட்டுவிட்டு வருவது நம் மனத்துக்கு ஒவ்வாத செயலும்கூட. ரெட்ஃபிஷ் தன் இளமைக் காலத்தை வளைகுடாவின் ஆழமற்ற நீரில் கழிக்கிறது. ஏறத்தாழ 28 அங்குலம் வளரும் பருவத்தில் திறந்த கடலுக்குப் போய், அதன்பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆண்டுதோறும் முட்டையிடுகிறது. ஒரு பெரிய தாய்மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான், கடல்நீர் உரிமத்தோடு வரும் ஒரு குறிச்சீட்டைக் கட்டி, 28 அங்குலத்துக்கு மேற்பட்ட ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். காகித உரிமம் வைத்திருப்பவர்கள் அந்தச் சீட்டைத் தனியே பத்திரப்படுத்தி, பிடித்த மாதத்தையும் தேதியையும் வெட்டி, மீனோடு கட்ட வேண்டும். கைபேசியில் மின்னுரிமம் வைத்திருப்பவர்கள் செயலியில் பதிவு செய்ய வேண்டும்.

அளக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீனைத் தட்டையாகக் கிடத்தி, வாயை மூடி, வால் துடுப்பின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். அளவு வரம்புள்ள மீனின் தலையையும் வாலையும் கல்தடுப்பின் மேலோ பாலத்தின் மேலோ படகிலோ வைத்து வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அளவைச் சரிபார்க்க வழியிருக்காது. சமையலறைக்கு வருமுன்பே மீனைச் சுத்தம் செய்துவிடுவது நம் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2021 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரை டெக்சஸில் இருந்தவர்கள் மறக்க முடியாது. மின்சாரமின்றி நாம் வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், கரையோர நீரில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் மடிந்தன என்று துறை கணக்கிட்டது. அதில் புள்ளி சீட்ரௌட்டுக்கு ஏற்பட்ட இழப்பு கடுமையாக இருந்தது. அதன் வரம்புகள் பின்னர் இறுக்கப்பட்டன. 2024இலிருந்து நாளொன்றுக்கு மூன்று, நீளம் 15 முதல் 20 அங்குலம். விதிகள் ஏன் அடிக்கடி மாறுகின்றன என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே என் பதில்: மீனின் எண்ணிக்கை மாறும்போது விதி மாறாமலிருந்தால் அந்த விதியால் பயனில்லை. அளவுகளை மனப்பாடத்தில் வைத்திருப்பதைவிட, ஒவ்வொரு செப்டம்பரிலும் துறையின் ஆண்டு விதிநூலைப் புதிதாகப் படிப்பது நல்லது. கைபேசிச் செயலியாகவும் அது இலவசமாகக் கிடைக்கிறது. தொடர்பு இல்லாத இடத்திலும் திறக்கும்.

நண்டு பிடிக்கப் போகும் குடும்பங்கள் நம்மில் அதிகம். கோழிக் கழுத்தை நூலில் கட்டிப் போட்டு நீல நண்டு பிடிப்பதற்கும் கடல்நீர் உரிமம் வேண்டும். ஓட்டின் அகலம், ஒரு பக்க முள்ளிலிருந்து மறுபக்க முள் வரை, 5 அங்குலமாவது இருக்க வேண்டும். முட்டை சுமந்திருக்கும் பெண் நண்டை எந்த நிலையிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் முட்டை நண்டுக்கு இருக்கும் மவுசு எனக்கும் தெரியும். ஆனால் இங்கே அதைத் தண்ணீரில் விடுவதே சட்டம். வீச்சு வலைக்கும் அனுமதி உண்டு, விட்டம் 14 அடியைத் தாண்டக் கூடாது. ஆனால் வலையில் இரைமீனையும், விளையாட்டு மீன் பட்டியலில் இல்லாதவற்றையும் மட்டுமே எடுக்கலாம். ரெட்ஃபிஷ்ஷோ சீட்ரௌட்டோ விழுந்தால் விட்டுவிட வேண்டும். நம் கடற்கரையிலும் இங்கேயும் ஒரே இனமாக வாழும் மடவையை வலையில் பிடிக்கலாம் என்றாலும், அக்டோபர் முதல் ஜனவரி வரை 12 அங்குலத்துக்கு மேற்பட்டதை எடுக்கக் கூடாது. முட்டையிடக் கடலுக்குப் போகும் பருவம் அது. தட்டைமீனான ஃபிளௌண்டருக்கும் இதே காரணத்தால் நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை முழுத் தடை.

பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையக் குழுக்களில் விலை போட்டு, நேற்றுப் பிடித்த மீன் என்று எழுதுவது அறியாமையால் நடக்கலாம். சட்டம் அதை வணிகமாகவே பார்க்கும், வணிகத்துக்கு வேறு உரிமம் வேண்டும். நண்பருக்குக் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் நாம் பிடித்த மீனை இன்னொருவர் எடுத்துச் செல்லும்போது, யார் பிடித்தது, எங்கே, எந்த நாளில், என்ன மீன், எத்தனை என்று எழுதி, உரிம எண்ணோடு கையொப்பமிட்ட குறிப்பு ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். அதன் படிவம் விதிநூலிலேயே இருக்கிறது.

விதிகளை நிறைவேற்றுபவர்கள் கேம் வார்டன்கள். இவர்களைப் பூங்காக் காவலர் என்று எண்ணிவிடக் கூடாது. மாநிலம் முழுவதும் அதிகாரமுள்ள காவல் அதிகாரிகள். உரிமத்தையும் பிடித்த மீனையும் கருவிகளையும் காட்டச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நான் கண்டவர்கள் எல்லோரும் மரியாதையோடு பேசினார்கள். பெட்டியைத் திறந்து அளந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் என்ன மீன் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. உரிமமில்லாமல் பிடிப்பது சி வகைக் குற்றம், அதாவது குற்ற வகைகளில் மிகச் சிறியது. 25 முதல் 500 டாலர் வரை அபராதம். பிடித்த மீனின் மதிப்பைத் தனியே வசூலிக்கவும் மாநிலத்துக்கு வழியுண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் உரிமம் எடுத்துக்கொண்டு நான்கு பேர் தூண்டில் போடுவதை நான் பார்க்கிறேன், அது சரியன்று. பணத்தைவிடப் பெரிய கவலையும் இருக்கிறது: பச்சை அட்டைக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது, சட்ட அதிகாரி எவரேனும் உங்களுக்கு அழைப்பாணை கொடுத்ததுண்டா என்று கேட்கிறார்கள். நாற்பது டாலரை மிச்சப்படுத்தப் போய் அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிய நிலையை யாரும் தேடிக்கொள்ளக் கூடாது.

ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதியோர் சலுகை இங்கே குடியிருப்பவர்களுக்கே உரியது; விருந்தினராக வந்த அப்பா எழுபது வயதானவரானாலும் தூண்டிலைப் பிடித்தால் வெளியாருக்கான உரிமம் எடுக்க வேண்டும். ஒரே நாள் என்றால் 16 டாலர் போதும். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: டெக்சஸ் மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள், கரையில் நின்று பிடிப்பவருக்கு உரிமமே தேவையில்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அளவு, எண்ணிக்கை விதிகள் மட்டும் பொருந்தும். ஹூஸ்டனுக்குத் தெற்கே பிராசோஸ் பெண்ட் பூங்காவின் ஏரிகளும், கால்வெஸ்டன் தீவுப் பூங்காவின் கரையும் இதற்கு ஏற்றவை. பிராசோஸ் பெண்டில் முதலைகள் உண்டு, பிடித்த மீனை நீரோரத்தில் வைக்கக் கூடாது. சில பூங்காக்களில் தூண்டிலையே இரவல் தருகிறார்கள். ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமையன்று மாநிலம் முழுவதுமே உரிமமின்றிப் பிடிக்கலாம் என்பதால், விடுமுறைக்கு வரும் உறவினர்களை அந்த நாளில் அழைத்துச் செல்லவும் முடியும்.

கடைசியாக, சமையலுக்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று. உரிமம் இருப்பதால் எல்லா நீரின் மீனும் உண்ணத் தக்கது என்று பொருளில்லை. ஹூஸ்டன் கப்பல் கால்வாயும் கால்வெஸ்டன் வளைகுடாவின் மேற்பகுதியும் பல ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவைச் சுமந்தவை. சான் ஹசின்டோ ஆற்றோரத்தில் 1960களில் கொட்டப்பட்ட காகித ஆலைக் கழிவிலிருந்து டையாக்சின் கசிந்தது பிற்பாடு கண்டறியப்பட்டு, அந்த இடம் 2008இல் கூட்டாட்சியின் தூய்மைப்பணிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த நீரில் பிடிக்கும் கெளுத்தி வகைகள், சீட்ரௌட், நீல நண்டு ஆகியவற்றைக் குறித்து மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. குழந்தைகளும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களும் அவற்றை உண்ணவே கூடாது என்ற அளவுக்கு அவை கடுமையானவை. எந்த நீர்நிலைக்கு எந்த மீனில் எச்சரிக்கை என்று சுகாதாரத் துறை இணையதளத்தில் வரைபடத்தோடு இருக்கிறது. புதிய உரிமங்கள் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும். வாங்கும் அன்றே, நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தின் பெயரை அந்த வரைபடத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.